எங்கள் தெருவில் ரோமாபுரி

போன மாதம் பல்லேகலையில் உள்ள ஒரு ஆடைத் தொழிற்சாலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மேலாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறார்களாம். நெருக்கடி வந்தபோது பழைய ரோமானியர்கள் எப்படிச் சமாளித்தார்கள், அதிலிருந்து இன்றைக்கு நாம் என்ன படிக்கலாம் என்று ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். பகல் சாப்பாடு உண்டு, வாகனம் அனுப்புவார்கள், கடைசியில் நினைவுச் சின்னமும் உண்டு. பேசிய பிள்ளையின் குரல் இனிமையாகத்தான் இருந்தது. "நல்ல விஷயமாப் பார்த்துச் சொல்லுங்க மிஸ், கேக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகம் வரணும்" என்றாள். வர வசதிப்படாது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அங்கே போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உற்சாகம் வராது.

நான் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறவள். கண்டியில் அந்தப் பாடத்தைத் தமிழில் எடுக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாங்கில் உட்கார்ந்துவிடலாம். வேறு பாடம் வாய்க்காமல் வந்தவர்களே அதிலும் பாதிப் பேர். குண்டசாலையில் எங்கள் தெருவில் என்னை ரோமாபுரி டீச்சர் என்பார்கள். பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் ரோமாபுரியைப் பற்றிப் பேசுவது அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கும் அந்தக் கேலி பிடித்துத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் கணவர், என் அப்பா. அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் காலம் முழுக்க வேலை செய்தவர். அம்மா போன பிறகு அவரை இங்கே அழைத்துக்கொண்டேன். டவுனில் அவருக்கு எல்லாமே பிடித்தது, ஒன்றைத் தவிர. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் வேலைக்காட்டில் இருப்பவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். யாரும் போய்க் கூப்பிட வேண்டியதில்லை. இங்கே அடுத்த வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போனால் மறுநாள்தான் வெளியே வருகிறார். "இங்கன செத்தா தூக்குறதுக்கு யாரு வருவா?" என்று வந்த புதிதில் அடிக்கடி கேட்பார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கு மரணத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. தூக்க ஆள் இல்லாமல் கிடந்துவிடுவோமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

அந்தப் பயத்துக்கு மருந்து எங்கள் தெருவிலேயே இருந்தது. இந்த நாட்டில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மரண உதவிச் சங்கம் இருக்கும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வாழும் தெரு எங்களுடையது. சங்கமும் எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டில் சாவு என்றால் சங்கத்தின் கூடாரம் வரும், உட்கார நீலக் கதிரைகள் வரும், பெரிய கேத்தல் வரும், ஒலிபெருக்கி வரும், வேலி நெடுக வெள்ளைக் கொடி கட்ட ஆள் வரும். கடைசியில் தூக்குவதற்கும் ஆள் வரும். அப்பா வந்த மாதமே அதில் சேர்ந்தார். யார் வீட்டுச் சாவானாலும் முதல் ஆளாகப் போய்க் கேத்தலை அடுப்பில் ஏற்றி, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். கூட்டங்களுக்கு வேட்டியை மாற்றிக்கொண்டு போவார். எந்தத் தீர்மானம் வந்தாலும் கையைத் தூக்குவார். காலமெல்லாம் கங்காணிக்கும் துரைக்கும் தலையாட்டிய மனிதர், கையைத் தூக்கினால் எண்ணுவார்கள் என்பதிலேயே மனம் குளிர்ந்துபோயிருந்தார். என்ன தீர்மானம் என்று கவனித்தாரா என்பது வேறு கதை.

பிறகு அந்த வருஷம் வந்தது. எந்த வருஷம் என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எரிவாயு இல்லை, டீசல் இல்லை, பால்மா இல்லை. மின்சாரம் போனால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் மேட்டில் இருக்கும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. தண்ணீர் லொறி, அதாவது பவுசர், வந்தால்தான் குடிக்கலாம். அரசாங்கம் இருக்கிறதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. எங்கள் தெருவில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரே ஸ்தாபனம் மரண உதவிச் சங்கம்தான். அதனால் எங்களை ஆளும் பொறுப்பும் அதன் தலையில் விழுந்தது. இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. அன்றைக்கு நானும் சிரித்தேன்.

சங்கத்தின் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சலவை செய்த வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், எதையும் நிதானமாகச் சொல்லும் பழக்கம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவருடைய வாகனக் கொட்டகையில், அடுக்கி வைத்த நீலக் கதிரைகளை இறக்கிப் போட்டு அவசரக் கூட்டம் நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ சிரித்துக்கொண்டே, "ரோமாபுரியில என்ன செஞ்சாங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். நான் எழுந்து சொன்னேன். பெரிய ஆபத்து வந்தால் எல்லா அதிகாரத்தையும் ஒரே ஆளிடம் கொடுப்பார்கள், ஆனால் ஆறு மாதத்துக்குத்தான், வேலை முடிந்தால் அதற்கு முன்னமே இறங்கி வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றேன். முதல் பாதிக்குக் கைதட்டினார்கள். இரண்டாம் பாதியை நான் கைதட்டலுக்குள் சொல்லியிருக்க வேண்டும், யாருக்கும் கேட்கவில்லை. எரிவாயு, தண்ணீர், தெருவுக்கென்று எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்த டீசல் எல்லாம் தலைவரின் கைக்குப் போயின. அப்பா இரண்டு கையையும் தூக்கினார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். பவுசரைச் சுற்றிச் சண்டை நின்றது. படுக்கையில் கிடந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் போனது. ஆனால் பயந்த கூட்டத்துக்கு ஒழுங்கு மட்டும் போதாது, யாரையாவது பார்த்து முறைக்கவும் வேண்டும். அடுத்த கூட்டத்தில் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தெருவில் பதிவில்லாத வெளியாட்களை யாரும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இருக்கிற தண்ணீர் இருக்கிறவர்களுக்கே காணாது. வெளியாள் என்றதும் ஒவ்வொருவருக்கும் வேறு யாரோ ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒருவரும் எதிர்க்கவில்லை. எனக்கு மட்டும் தோட்டத்துச் சொந்தக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். என் பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பா வழக்கம்போல முதல் கையைத் தூக்கியிருந்தார்.

மறு வாரம் அத்தை வந்தார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பன்விலயில் தோட்டத்திலேயே இருந்தார். நெஞ்சில் நீர் கட்டும் வருத்தம் அவருக்கு. ஒவ்வொரு கிழமையும் கண்டியில் கிளினிக்குக்கு வர வேண்டும். டீசல் இல்லாமல் பஸ் நின்றுபோனதும் இரண்டு கிளினிக் தவறிவிட்டது. கால் வீங்கி, பேசினாலே மூச்சு வாங்கியது. கொழுந்து லொறி ஒன்றில் ஏறி, மிச்ச தூரத்தை நடந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் கேட்டில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறையப் பலாக்கொட்டை. வெறுங்கையோடு வர வெட்கமாம். அப்பா ஓடிப்போய்ப் பையை வாங்கினார். தான் கையைத் தூக்கிய தீர்மானத்தின் ஞாபகம் அவருக்குத் துளியும் இல்லை. அது வெளியாட்களுக்குப் போட்ட சட்டம். இது தங்கச்சி.

ஒரு கிழமை கழித்துத் தலைவர் வீட்டுக்கு வந்தார். நீட்டிய கதிரையில் உட்கார்ந்தார், சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்தார், அத்தையின் காலைப் பார்த்து வருத்தப்பட்டார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. அவை ரெண்டு பேரும் போகவேணும்."

"வருத்தக்காரி ஐயா. கிளினிக்குக்காகத்தான் இருக்காங்க."

"எனக்கு விளங்குது. இண்டைக்கு ரெண்டு பேர். நாளைக்குத் தோட்டத்திலையிருந்து இருபது பேர் வருவினம். நான் ஒரு தெருவைப் பாக்கவேணும்."

"அப்படின்னா நானும் தோட்டத்து ஆள்தானே."

"உங்களை ஆர் போகச் சொன்னது? நீங்கள் படிப்பிக்கிறனீங்கள். எங்கட ஆள்."

அவர் அதை அன்போடுதான் சொன்னார். ரோமாபுரியில் ஒரு பஞ்ச காலத்தில், பேரரசர் ஒருவர் வெளியூர்க்காரர்களையெல்லாம் நகரத்தை விட்டு விரட்டினார். வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் விட்டு வைத்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் என்னைப் பார்த்து, "நீங்க தப்பிச்சிட்டீங்க மிஸ்" என்பார்கள். நானும் சிரிப்பேன். விட்டு வைக்கப்பட்டவள் எப்படி இருப்பாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ ஒருவர் உன் தலையைத் தடவி, நீ நல்ல வகை என்று சொல்லிவிட்டு, உன் அத்தையைப் பார்த்துக் கையை நீட்டுகிறார். முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை. முடியாது ஐயா என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறொரு பஞ்சத்தில் ரோமானியர்கள் படித்தவர்களையும் சேர்த்து விரட்டிவிட்டு, நடனக்காரிகளையும் அவர்களுடைய பரிவாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அந்தக் காலத்து ஒருவர் மனம் வெந்து எழுதி வைத்திருக்கிறார். எங்கள் தலைவர் வீட்டிலும் அந்த மாதம் கொழும்பிலிருந்து மருமகன்மார் வந்து தங்கியிருந்தார்கள், பல்லேகலை மைதானத்தில் கிரிக்கெட் பார்க்க. தெருவே இருட்டில் கிடக்க, அங்கே விளக்கெல்லாம் எரிந்து வானம் வெளுத்திருக்கும். அந்தப் பிள்ளைகள் குளித்த தண்ணீர் வாய்க்காலில் நுரையோடு ஓடியதை நான் பார்த்தேன். அவர்கள் வெளியாட்கள் இல்லை, விருந்தாளிகள்.

அடுத்து பவுசர் வந்தபோது எங்கள் வாளிகளை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை. எடுத்தவர் யார் என்றும் தெரியாது. எங்கள் முறை வரும்போது பவுசர்க்காரன் குழாயை மூடிவிட்டான். எரிவாயு லொறி வந்த நாளில் எங்கள் வெற்றுச் சிலிண்டர் போனபடியே திரும்பி வந்தது. ரோமானியர்கள் ஒருவனை ஊரை விட்டு நீக்க நினைத்தால், போ என்று சொல்வதில்லை. இவனுக்குத் தண்ணீரும் நெருப்பும் யாரும் கொடுக்கக் கூடாது என்று அறிவிப்பார்கள். மிச்சத்தை அவனே முடிவு செய்துகொள்வான். எங்கள் தெருவில் யாரும் அந்தப் பாடம் படித்தவர்கள் இல்லை. தானாகவே வந்தது.

அதையும் தாங்கிக்கொண்டோம். கணவர் ஓடாத வேனைத் துடைப்பதை விட்டுவிட்டு மகாவலியிலிருந்து தண்ணீர் சுமந்தார். வேலியோரத்து மரத்தை வெட்டி விறகாக்கினோம். அத்தை முடியாத உடம்போடு பின்வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக் கொடுப்பார். அத்தையின் மகள் என்னைவிடச் சின்னவள், அதிகம் பேசமாட்டாள். என்னை மதினி என்பாள், அப்பாவை மாமா என்பாள். மூத்திரச் சட்டி முதல் மூச்சு மருந்து வரை தாயை அவளே பார்த்தாள். கண்டி ஆஸ்பத்திரிக்கு அவளே கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போவாள். அத்தையின் கால் வீக்கம் வடியத் தொடங்கியது. இன்னும் நாலைந்து கிளினிக் போதும் என்று டாக்டர் சொன்னாராம். வேண்டியது அவ்வளவுதான்.

தலைவருக்கு எங்களைத் தெரியும். தண்ணீருக்கும் நெருப்புக்கும் அசையமாட்டோம் என்று கண்டதும், அசைகிற இடத்தைத் தொட்டார். ஒரு நாள் கோயில் வாசலில் அப்பாவை நிறுத்தி, அதே மெல்லிய குரலில் சொன்னாராம்.

"பெரியவர், வாற கூட்டத்திலை உங்கட பேரைச் சங்கத்திலையிருந்து எடுக்கவேண்டி வரும். எனக்கு விருப்பமில்லை. என்ன செய்யிறது, நீங்களும் கை தூக்கின தீர்மானம்தானே."

அப்பா இதை எங்களிடம் வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அந்த வாரமே தெருவில் ஒரு சாவு. மேல் வீட்டில் இருந்த சிங்களத் தாதியின் புருஷன். அப்பா எப்போதும்போல வேட்டியை மாற்றிக்கொண்டு போனார். நானும் பின்னால் போயிருந்தேன். கூடாரத்துக்குப் பின்னால் விறகடுப்பில் கேத்தல் ஏறியிருந்தது. அப்பா அகப்பையைக் கையில் எடுத்ததும் ஒரு ஆள் வந்து, சிரித்தமுகமாகவே, அதை அவர் கையிலிருந்து வாங்கினான். "வேணாம் ஐயா, இன்னைக்கு நாங்க பாத்துக்கிறோம். நீங்க போய் உக்காருங்க." அப்பா போய் ஒரு நீலக் கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணித் தட்டு அவருடைய வரிசையில் வந்தது. அவருக்கு முன்னால் இருந்தவருக்குக் கொடுத்தார்கள். பின்னால் இருந்தவருக்கும் கொடுத்தார்கள். அப்பா நீட்டிய கையை மெல்ல மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

மறுநாள் காலையில் அத்தை பின்வாசலில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். அப்பா வந்து முன்னால் நின்றார். நான் அடுப்படியில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

"தங்கச்சி, இங்க எடம் இல்ல. வெளங்கிக்க."

அத்தை தலையைத் தூக்கவில்லை. கையில் இருந்த கொட்டையை உரித்து முடித்தார். "சரிண்ணே. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எங்களால ஒங்களுக்குக் கரச்சல்." அத்தையின் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

நான் கத்தினேன். அப்பாவை, மனுஷனா நீங்க என்று கேட்டேன். கணவர் என்னைப் பிடித்து உள்ளே தள்ளினார். அப்பா அத்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மனம் நொந்து போகிற தங்கைக்கு அந்த மனிதர் அவ்வளவு நேர்த்தியாகத் துணி மடித்தார்.

செய்தி கேட்டுத் தலைவருக்கு நிம்மதி. அன்றைக்கே அவர் சங்கக் கையிருப்பிலிருந்து எங்கள் வேனுக்கு டீசல் கொடுத்தனுப்பினார். பன்வில வரைக்கும் போய்த் திரும்பப் போதுமான டீசல். கிளினிக்குக்கு அத்தை நடந்தே போன வாரங்களில் அந்த டீசல் அதே கொட்டகையில், அதே கேனில்தான் இருந்தது. விரட்டுவதற்கு இருந்தது, காப்பாற்றுவதற்கு இல்லை. இதைத்தான் கையிருப்பு என்கிறார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அத்தை இறந்துபோனார். பஸ் இல்லை, கிளினிக் இல்லை, நெஞ்சு நிறைய நீர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பனடோல் கொடுத்தார்களாம். அப்பா தலைவரிடம் போய் டீசல் கேட்டார். "சங்கத்து ஆக்களின்ரை செத்தவீட்டுக்கு மட்டும்தான் பெரியவர். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்." அப்பா கிடைத்த வாகனத்தில் ஏறியும் நடந்தும் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஈர மண் குவித்துச் சாமந்தி போட்டிருந்தார்களாம். அத்தையின் மகள் அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாளாம். அவர் குடித்து முடிக்கிற வரை நிற்காமல் உள்ளே போய்விட்டாளாம்.

திரும்பி வந்த அன்று, சேறு அப்பிய காலோடு வாசலிலேயே உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"நான் செத்தா இவுங்க கை என்மேல படக்கூடாது புள்ள. என்னையக் கொண்டுபோயி தங்கச்சி பக்கத்துல வச்சிரு. மண்ணுல வச்சிரு. இங்கன எரிக்க விடாத."

சத்தியம் செய்து கொடுத்தேன். ஆனால் அப்பா சங்கத்தை விடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். அகப்பை அவர் கைக்குத் திரும்பி வந்தது, அவரும் போய் ஊற்றினார். அவர்களைப் பார்த்தால் சிரித்தார். எதற்கு அப்பா என்று கேட்டால், "சும்மா இருந்தா தங்கச்சி ஞாபகம் வருது" என்பார்.

ஆறு மாதம் போனது. எரிவாயு வந்தது, டீசல் வந்தது, தண்ணீர் ஏறியது. தலைவர் இறங்கவில்லை, யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில், நெருக்கடியிலும் மனம் தளராமல் தெருவைக் காத்ததற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரோமானியர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். ஒரே நாளில் தங்கள் படை முழுவதையும் சாகக் கொடுத்துவிட்டுத் தப்பி வந்த தளபதியை நகர வாசலில் கூட்டமாக நின்று வரவேற்று, நாட்டின்மேல் நம்பிக்கை இழக்காததற்காக நன்றி சொன்னார்கள். செத்தவர்கள் அந்த வாசலுக்கு வரவில்லை. ரோமாபுரியின் உறுதிக்கு உதாரணமாகப் பாடப் புத்தகம் இதைக் காட்டுகிறது. பரீட்சையில் அப்படி எழுதினால்தான் புள்ளி.

அடுத்த வருஷம் அப்பா கண்டி ஆஸ்பத்திரியில் இறந்தார். நாலு நாள்கூடப் படுக்கவில்லை. நான் தெருவுக்குச் சொல்லவில்லை. அத்தையின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன், எடுக்கவில்லை. தோட்டத்துக் கோயில் தலைவருக்குச் சொன்னேன். கொண்டு வாங்கம்மா என்றார். பிரேதம் பதப்படுத்தும் மலர்ச்சாலையிலிருந்து அப்பாவின் பெட்டியை வாங்கி, வேனின் பின் சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்கு வராமல் நேராகப் பன்வில பக்கம் ஏறினோம். வழி நெடுக எனக்கு அழுகையோடு ஒரு திருப்தியும் இருந்தது. அவர்கள் கை படாமல் கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். வேன் போகக்கூடிய அளவுக்குத்தான் அங்கே பாதை. அதன் முனையில் அத்தையின் மகள் நின்றாள். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். மண்வெட்டி யார் கையிலும் இல்லை. குழி தோண்டியிருக்கவில்லை.

நான் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"மாமாவோட கடைசி ஆசை. அத்தை பக்கத்துல வைக்கச் சொன்னாங்க."

அவள் வேனைப் பார்த்தாள். பிறகு, அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாளே, அதேபோல என்னைப் பார்த்தாள்.

"இங்க எடம் இல்ல மதினி. வெளங்கிக்குங்க."

கோயில் தலைவர் கையைப் பிசைந்தார். "ஒறவுக்காரங்களே வேணாம்னா நாங்க என்னாம்மா செய்யிறது?" கணவர் கெஞ்சினார். நான் கெஞ்சவில்லை. அந்தப் பிள்ளையிடம் கெஞ்சுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் செய்தது கொடுமைதான். எங்களிடம் படித்த கொடுமை. ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். வேனைத் திருப்ப அந்தப் பாதையில் இடமில்லை. பின்னாலேயே வெகுதூரம் ஓட்டிக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி ஆடியது.

குண்டசாலைக்கு வந்து தெருவுக்குள் திரும்பியபோது வெள்ளைக் கொடிகள் கட்டியாயிருந்தன. ஆஸ்பத்திரியில் யாரோ கண்டு சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வாசலை மறைத்துக் கூடாரம் நின்றது. நீலக் கதிரைகள் நிறைந்திருந்தன. கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கே போனீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் முன்னால் வந்து வேன் கதவைத் தானே திறந்தார். நான் தடுக்கவில்லை. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் வேறு எங்கே போவேன்?

மயானத்துக்கு எடுப்பதற்கு முன் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். எளிமையான மனிதர், எந்தச் செத்தவீட்டிலும் முதல் ஆள் என்று ஆரம்பித்தார். பிறகு குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பொய்யில்லை, உண்மையாகவே தழுதழுத்தது.

"கஷ்ட காலத்திலை இந்தத் தெருவுக்காகத் தன்ரை கூடப்பிறந்த சகோதரியையே அனுப்பி வைச்ச மனிசன். இப்பிடி ஆக்கள் ரோமாபுரியிலைதான் இருந்திருப்பினம். ரீச்சருக்குத் தெரியும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குத் தெரியும்தான். ஊருக்காகப் பெற்ற பிள்ளையையே வெட்டக் கொடுத்தவர்களுக்கு ரோமாபுரியில் நல்ல பெயர் உண்டு. வெட்டுப்பட்ட பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு தூக்கினார்கள். அகப்பையைப் பிடுங்கியவன், வாளியை ஓரமாக வைத்தவர்கள், தலைவர், தலைவரின் மருமகன்மார் எல்லோரும் வந்தார்கள். அப்பா பயந்ததுபோல ஆள் இல்லாமல் போகவில்லை. அவ்வளவு பேர் முண்டியடித்தார்கள். என் கணவருக்குப் பெட்டியில் கை வைக்க இடம் கிடைக்கவில்லை.